போகியன்று எரித்த மல்லிகை

எழுபதுகளின் கடைசியில் மலேசியாவின் கிள்ளான் நகருக்கு வெளியே, ஆற்றோரமாக, நானும் என் கணவரும் குத்தகை நிலத்தில் பூச்செடிப் பண்ணை வைத்திருந்தோம். கறுப்பு பிளாஸ்டிக் பைகளில் மல்லிகைக் கன்றுகள்தான் அதிகம். ரப்பர் தோட்ட வேலையை விட்டு வந்தபோது, "இனிமே எவன் முன்னாடியும் கைகட்டி நிக்க மாட்டேன்" என்று சொன்னவர் அவர். அந்தப் பண்ணைதான் அவருடைய முதுகெலும்பு.

ஒரு மார்கழியில் ஆறு பெருகியது. கடல் பொங்கும் நேரமும் சேர்ந்துகொள்ள, உப்புத் தண்ணீர் இரண்டு நாள் பண்ணைக்குள் நின்றது. வடிந்த பிறகு கன்றுகள் ஒவ்வொன்றாகக் கருகின. ஒன்றுகூட மிஞ்சவில்லை.

வெள்ளத்தில் பயிர் இழந்தவர்களுக்கு அரசாங்கம் உதவிப் பணம் தரும் என்று வானொலியில் சொன்னார்கள். என் கணவர் விவசாய இலாகாவுக்குப் போய் விண்ணப்பப் பாரம் எழுதிக் கொடுத்தார். அதிகாரி நேரில் வந்து பார்ப்பார் என்றார்களாம். என்றைக்கு என்று சொல்லவில்லை.

அதற்குள் போகி வந்துவிட்டது. பழையதைக் கழித்துக் கொளுத்தும் நாள். பக்கத்து நிலத்துச் சீனர் அழுகிய கீரைப் பாத்திகளை அப்படியே போட்டு வைத்திருந்தார். நாற்றம் எங்கள் அடுப்படிவரை வந்தது. சோம்பேறி என்று நான் மூக்கைப் பொத்திக்கொண்டு கேலி பேசினேன்.

"ஆபீசர் வர்ற வரைக்கும் செடியெல்லாம் இருக்கட்டுமே" என்றார் என் கணவர்.

"செத்தத வாசல்ல வச்சுக்கிட்டு எப்படிங்க பொங்கல் வைக்கிறது? ஆபீசருக்கென்ன, வெள்ளம் வந்தது ஊருக்கே தெரியும்லா."

என் வாய்க்கு அவர் எதிர்வாய் பேசியதே கிடையாது. மண்ணெண்ணெய் டின்னை எடுத்து வந்தார். கன்றுகளைப் பிடுங்கி நான் குவித்தேன், அவர் கொளுத்தினார். பைகளில் இருந்த மண்ணைக் கொட்டி, கழுவி, காயவைத்து, கட்டுக் கட்டாக அடுக்கினேன். மறுபடி நடும்போது வேண்டும் அல்லவா? தரையைப் பெருக்கிக் கோலமும் போட்டேன். அந்தச் சுத்தத்தைப் பார்த்து எனக்குப் பெருமை வேறு.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் அதிகாரி வந்தார். நல்ல மனிதர்தான், சின்ன வயது மலாய்க்காரர். பண்ணையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "செடிகள் எங்கே?" என்று மலாயில் கேட்டார். நான் பைக் கட்டுகளைக் காட்டினேன். அவர் தயங்கினார். செத்த செடியைக் கண்ணால் பார்த்தால்தான் எழுத முடியும், வெறும் பையைப் பார்த்து எப்படி எழுதுவது என்றார். சாம்பலைக்கூட நான் அள்ளிக் குழியில் கொட்டியிருந்தேன்.

"யார் எரித்தது?" என்று கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் என் கணவர் முந்திக்கொண்டார். "நான்தான், துவான். என் தப்பு." இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு நின்றார். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

சீனருக்குப் பணம் வந்தது. அதே பாத்தியில் அவர் மறுபடி கீரை போட்டார். எங்களால் மீண்டும் கன்று வாங்க முடியவில்லை. நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஊருக்குள் ஓர் அறை எடுத்துக்கொண்டோம். அவர் தொழிற்சாலையில் சேர்ந்தார், தம்மைவிட இளைய சூப்பர்வைசரிடம். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நானும் சண்டை போட்டு, அழுது, ஆறியிருப்பேன்.

அடுத்த போகிக்கு எதையும் கொளுத்த எனக்கு மனம் வரவில்லை. அவர்தான் விடிவதற்கு முன் எழுந்து பின்பக்கம் தீ மூட்டினார். எழுந்து போய்ப் பார்த்தேன். கட்டிலுக்கு அடியில் நான் பத்திரமாக வைத்திருந்த அந்தக் கறுப்புப் பைகளைக் கட்டுக் கட்டாகப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அது எதுக்குங்க? மறுபடி நடும்போது வேணுமே" என்றேன்.

"செத்தத வச்சுக்கிட்டு எப்படி பொங்கல் வைக்கிறது?" என்றார்.

அவர் குரலில் கோபம் இல்லை.