நாலு தபா வந்த காற்று

வியாசர்பாடியில் செங்கொடி என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க ஒருத்திதான் உண்டு. அப்பா தொழிற்சங்கத்து ஆள், ஆசையாக வைத்த பெயர். ஆளுக்கொரு பெயர், பெயருக்கொரு ஆள் என்று அவள் நம்பியதில் என்ன ஆச்சரியம்? அந்த நம்பிக்கைதான் ஒருநாள் அவள் காலை வாரிவிட்டது.

ராயபுரத்தில் ஒரு மீனவர் சங்க அலுவலகத்தில் அவளுக்குக் கம்ப்யூட்டர் வேலை. காற்று வலுக்கும் என்று எச்சரிக்கை வந்தால், படகுக்காரர்கள் எல்லோருக்கும் போனில் செய்தி தட்டிவிட வேண்டும். யார் படகு, எந்தக் குப்பம், என்ன நம்பர் என்பதெல்லாம் கம்ப்யூட்டரில் ஒரு டேபிளில், அதாவது அட்டவணையில், இருந்தது. அதில் பாதி நம்பர் செத்த நம்பர். நம் ஆட்கள்தான் சட்டை மாற்றுவது போல சிம் மாற்றுவார்களே! அதனால் குப்பம் குப்பமாக முகாம் போட்டு, புது நம்பர்களை வாங்கி இன்னொரு டேபிளில் ஏற்றியிருந்தார்கள். புதியதிலிருந்து எடுத்துப் பழையதில் போட வேண்டும், அவ்வளவுதான் வேலை.

இரண்டு டேபிளிலும் படகின் பதிவு எண் இருந்தது. கூட்ஸ் வண்டி மாதிரி நீளம் அது. அதை எவள் கட்டிக்கொண்டு அழுவது என்று, பெயரும் குப்பமும் ஒத்துப்போனால் நம்பரை மாற்று எனக் கட்டளை எழுதி எண்டரைத் தட்டினாள் செங்கொடி. கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்தது. அந்தச் சந்தோஷத்தில் தனக்குத்தானே ஒரு டீ வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் மதியமே எச்சரிக்கை வந்தது. செய்தியை அனுப்பிவிட்டுச் சோற்று டப்பாவைத் திறந்தாள். அலுவலகப் போன் அலறியது.

"இன்னாம்மா, நெட்டுக்குப்பம் குமாரவேல் பேசறேன். ஒரே காத்த எனுக்கு நாலு தபா அனுப்பிகீறியே, இன்னா மேட்டரு?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. "ஒரு போட்டுக்கு ஒண்ணுதாண்ணா போவும்."

"எனுக்கு ஒரே போட்டுதான். எங்க தாத்தா பேர நாலு பேரனுக்கும் வெச்சிட்டாங்க. அதான் ஆளுக்கொரு பட்டப்பேரு. நான் பேட்டரி. மூக்கன், ஒல்லி, சுருட்டை, அவனுங்களும் குமாரவேலுதான். அவனுங்களுக்கு வந்துச்சா?"

சிரிப்பு அப்படியே நின்றது. டேபிளைத் திறந்தாள். நாலு குமாரவேல், நாலு படகு, நாலுக்கும் ஒரே நம்பர்! முதலில் அகப்பட்ட பேட்டரியின் நம்பரையே கம்ப்யூட்டர் நாலு பேர் தலையிலும் கட்டியிருந்தது. மற்ற மூவரும் சாயங்காலம் கடலில் இறங்கிவிடுவார்கள்.

"அண்ணா, தப்பு என்னுதுதான். லைன்ல இருண்ணா!" என்று கத்திவிட்டு, தன் கைப்போனில் மூவருடைய புது நம்பரையும் அடித்தாள். மூக்கன் எடுத்தார். ஒல்லி எடுத்தார். சுருட்டை எடுக்கவில்லை.

"அவன் அப்பவே வலை ஏத்திகினு இருந்தானே!" என்று பேட்டரி ஓடத் தொடங்கினார். ரிசீவரில் மூச்சிரைப்பும் அலைச் சத்தமும் கேட்டன. செங்கொடி கும்பிடாத சாமியையெல்லாம் கும்பிட்டாள்.

"டேய் சுருட்டை! இஞ்சின நிறுத்துடா! காத்து வருதுடா, கஸ்மாலம்!"

அந்தத் திட்டு அவள் காதில் தேனாகப் பாய்ந்தது. "புட்ச்சிட்டேம்மா" என்றார் பேட்டரி. செங்கொடி அழுதேவிட்டாள்.

கண்ணைத் துடைத்ததும் முதல் வேலையாக, பதிவு எண் ஒத்துப்போனால் மட்டும் மாற்று என்று கட்டளையைத் திருத்தி ஓட்டினாள். எல்லாக் குப்பத்துக்கும் செய்தி மறுபடி போனது. நாலு குமாரவேலுக்கும் ஆளுக்கு ஒன்று.

அடுத்த முகாமுக்கு அவளே நெட்டுக்குப்பம் போனாள், நேரில் மன்னிப்புக் கேட்க. வாய் திறப்பதற்குள் வறுத்த வஞ்சிரத்தைத் தட்டில் வைத்து நீட்டினார் சுருட்டை.

"உம் பேரு இன்னாம்மா?"

"செங்கொடி."

கூட்டமே கொல்லென்று சிரித்தது. பேட்டரி, மீன் கூடையோடு நின்ற ஒரு பெண்ணைக் காட்டினார். "எங்க செங்கொடி இதோ கீது. ரெண்டு பேரையும் ஒரே பேர்ல கூப்ட்டா பேஜாராயிடும். இனிமே உம் பேரு நாலு தபா!"

அன்று சாயங்காலம் வீட்டில் அவள் போன் அடித்தது. எடுத்த அம்மா விழித்தாள். "யாரோ நாலு தபா கீதான்னு கேக்கறாங்கடி. ராங் நம்பரா?"

"இல்லம்மா, குடு" என்று கையை நீட்டினாள் செங்கொடி. "நான்தான் அது."