தேசாருவில் நான் காப்பாற்றிய பெண்

அன்று காலை தேசாரு கடற்கரையில் இருந்தவர்கள்: நான், என் அக்கா, அக்காவின் மகள், அலைச்சறுக்குப் பலகைகளை வாடகைக்கு விடும் கடைக்காரர். வேறு யாருமில்லை. மழைக்காலத்தில் புத்தியுள்ளவர்கள் கடலுக்கு வருவதில்லை.

அக்கா மகளுக்கு அந்தக் கடையில் சனி ஞாயிறுகளில் பிள்ளைகளுக்கு அலைச்சறுக்கு கற்றுக்கொடுக்கும் வேலை வேண்டும். ஓர் அலையில் நின்றபடி கரைவரை வந்து காட்டினால் வேலை கிடைக்கும். "இந்தியர்கள் கடற்கரைக்கு வருவது பீஹூன் சாப்பிடத்தான். தண்ணீரில் இறங்க மாட்டார்களே" என்று கடைக்காரர் மலாயில் சொல்லிச் சிரித்தார். அக்கா அப்போதுதான் பீஹூன் சேமியா டப்பாவைத் திறந்திருந்தாள். மூடிவிட்டாள்.

எங்கள் ஊர் ரெங்கத்திலிருந்து வரும் வழியெல்லாம் அக்கா மகள் ஒரு ஹவாய்க்காரரைப் பற்றியே பேசினாள். நீச்சலில் ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர், ஊர் ஊராகப் போய் அலைச்சறுக்கைப் பிரபலமாக்கியவர். அப்படியும் கருத்த தோலைப் பார்த்துச் சாப்பாட்டுக் கடைக்குள் விடவில்லையாம்.

"தங்கம் வாங்கினவருக்கே சோறு இல்லையா?" என்றாள் அக்கா. "அப்புறம் உனக்கு எதுக்குடி இது?"

"அதுக்காக அவரு கரையிலயே உக்காந்துட்டாராம்மா?"

எனக்கு வேறு கவலை. படிவம் இரண்டோடு, பதினான்கு வயதில், பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தெரியாதது எல்லாமே பயம், தெரிந்ததில் பாதியும் பயம். அக்கா மகளின் கணுக்காலைப் பலகையோடு சேர்த்து ஒரு கயிற்றால் கட்டினார் கடைக்காரர். பலகை மூழ்கினால் பிள்ளையும் மூழ்குமே!

பலமுறை விழுந்தாள். தெரிந்த சாமிகள் தீர்ந்து, அடுத்த வீட்டுக்காரரின் சாமியையும் கூப்பிட்டேன். அப்புறம் ஓர் அலையில் எழுந்தாள். பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நிற்பவள் மாதிரி, நின்றபடியே வந்தாள். கரையருகே பலகையிலிருந்து சும்மா குதித்தாள். தலை தண்ணீருக்குள் போனது. எனக்கு அது போதும்.

சட்டை, செருப்பு, கைப்பேசி எல்லாவற்றோடும் பாய்ந்து, அவள் காலைப் பிடித்துக் கயிற்றை அவிழ்த்துவிட்டேன்.

"அலமாக்! மாமா, என்னா செய்றீங்க? இடுப்பளவு தண்ணிதான்லா!"

அவிழ்ந்த பலகையை அடுத்த அலை கொண்டுபோய்ப் பாறையில் மோதியது. மூக்கு உடைந்தது. பலகையின் மூக்குதான்.

கடைக்காரர் பாறையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "சனிக்கிழமை காலையில் வந்துவிடு" என்றார். "மாமாவைக் கூட்டி வராதே. பலகைக் காசை உன் சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறேன்."

அவள் சம்பளத்தில் கைவைக்க நான் விடவில்லை. நானூறு ரிங்கிட், மாதம் ஐம்பதாகக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அவள் வாராவாரம் பிள்ளைகளை அலையில் நிற்க வைக்கிறாள். பாக்கி இன்னும் இருநூற்று ஐம்பது ரிங்கிட்.