அத்தையின் மலையூருக்கு இரண்டு நாள்

எங்கள் வீட்டில் யாரும் மலையைப் பார்த்ததில்லை. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பாபநாசத்துக்குக் கிழக்கே இருந்த எங்கள் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் நெல்வயல், அதற்கப்பால் இன்னொரு நெல்வயல். வாய்க்கால் கரைதான் நாங்கள் அறிந்த உயரம். அதனால், நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம், அப்பா சாப்பிட்டுக்கொண்டே, “லீவு விட்டதும் அத்தை ஊருக்கு ஒரு எட்டு போயிட்டு வருவோம், ரெண்டு நாள்தான்” என்றதும், அம்மா ரசக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் படித்து, கொடைக்கானலையும் தாண்டிய ஒரு மலையூரில் ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக இருந்தாள். அந்த ஊரிலிருந்து மாற்றல் கேட்டு வருகிறவர்கள் உண்டே தவிர, அந்த ஊருக்கு மாற்றல் கேட்டுப் போனவள் அத்தை ஒருத்திதான் என்று அப்பா சொல்வார். அதைப் பெருமையாகச் சொல்கிறாரா வருத்தமாகச் சொல்கிறாரா என்று கண்டுபிடிக்க முடியாது.

இரண்டு நாள் பயணத்துக்கு மூன்று வாரம் திட்டம் நடந்தது. அப்பா ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினார். திண்டுக்கல்லுக்கு அப்பால் கொடை ரோடு வரை ரயில். அங்கிருந்து பஸ். கொடைக்கானலில் இறங்கி, நாளைக்கு ஒரே ஒரு தடவை போகும் இன்னொரு பஸ். அது நிற்கும் இடத்திலிருந்து இரண்டு மைல் ஒற்றையடிப் பாதை, முழுக்க ஏற்றம். ‘பஸ் தவறினால்’ என்று தலைப்புப் போட்டு ஒரு பக்கம் முழுவதும் எழுதினார். ‘மழை வந்தால்’ இரண்டு பக்கம்.

அம்மாவின் கவலை வேறு. அங்கே தேங்காய் எண்ணெய் கல்லாக உறைந்துவிடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். தலை வாராமல் நாத்தனார் வீட்டில் எப்படி நிற்பது? பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் கீழத்தெருவில் இருந்தார். அவரிடம் இரவல் வாங்கிய கம்பளிக் கோட்டுக்குள் அப்பாவும் தம்பியும் ஒரே சமயத்தில் நுழைய முடிந்தது. அதோடு கிடைத்த மங்கி குல்லாயைத் தம்பி புரட்டாசி வெயிலில் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போய் வியர்க்குரு வாங்கிக்கொண்டு வந்தான்.

ஏறிப் பழக வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா எங்களைச் சுவாமிமலைக்கு அழைத்துப் போனார். பெயரில் மலை இருக்கிறதே தவிர அது கட்டுமலை. அறுபது படி, படிக்கு ஒரு தமிழ் வருஷத்தின் பெயர். அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, “ம், ஏறுங்க” என்றார். நாங்கள் ஓடினோம். அம்மா பதின்மூன்றாவது படியில் உட்கார்ந்துவிட்டாள்.

“என்ன, அதுக்குள்ள மூச்சு வாங்குதா?”

“அதெல்லாம் இல்லீங்க. இது பிரமாதி. நான் பொறந்த வருஷம். கொஞ்சம் உக்காந்துட்டுப் போறதுதானே மரியாதை?”

இந்த ஏற்பாடுகளில் எங்களைவிட உற்சாகமாக இருந்தவர் ஒருவர் உண்டென்றால், அது குத்தகைக்காரர். தாத்தா அத்தைக்குச் சீர் நிலமாக, மஞ்சக்காணியாக எழுதிவைத்த அரை வேலி நிலத்தை, அத்தை பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து அவர்தான் உழுதுகொண்டிருந்தார். நாங்கள் இல்லாத நாட்களில் வீட்டையும் மாடுகளையும் பார்த்துக்கொள்ளும்படி அப்பா சொன்னதும், அவர் மூங்கில் கொல்லைக்குப் போய் ஆளுக்கொன்றாக நாலு கழி வெட்டி, கணு சீவிக் கொண்டுவந்து கொடுத்தார். “மலையில வழுக்குமாமே, ஊனிக்கிட்டுப் போங்கய்யா” என்றார். அப்பா அவர் முகத்தைப் பார்க்காமல் கழியைப் பார்த்து, “நல்லா இருக்கு, நல்லா இருக்கு” என்றார்.

அது பக்கத்து ஊர்களில் வயலுக்கு வயல் செங்கொடி நட்டிருந்த காலம். புதிய ஆட்சி வந்திருந்தது. குத்தகைக்கு உழுகிறவன் பெயரைத் தாலுகா ஆபீஸ் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. பெரியவர்கள் எங்கே கூடினாலும் தாசில்தார், பட்டா, சாகுபடி என்றே பேசினார்கள். எனக்கு அதிலெல்லாம் கவனமில்லை. மேகம் கைக்கு எட்டுமா என்பதுதான் அப்போது எனக்கிருந்த ஒரே கேள்வி.

அத்தைக்குக் கடிதம் எழுதும் வேலை, கையெழுத்து நன்றாக இருந்ததால், என்னுடையது. அப்பா சொல்லச் சொல்ல இன்லண்ட் லெட்டரில் எழுதினேன். ஒட்டுவதற்கு முன் மடிப்பில் கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது. அதை வீணாக்குவானேன் என்று நானாக நாலு வரி சேர்த்தேன்: ‘அத்தை, அப்பா ஒரு முத்திரைத்தாள் கொண்டுவருகிறார். அதில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டுமாம். என்ன தாள் என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறார். உங்கள் ஊர்க் குளிரில் பேனா மை உறையுமா?’

சனிக்கிழமை காலை ரயில். வெள்ளிக்கிழமை மத்தியானம், கட்டிய மூட்டைகளைத் தம்பி நாலாவது தடவையாக எண்ணிக்கொண்டிருந்தபோது, வாசலில் அத்தை நின்றாள். ஒரு கையில் பேரிக்காய்ப் பை, மறு கையில் மலைப்பூண்டுக் கட்டு.

“நாளைக்கு நாங்க உங்க ஊருக்கு வர்றோம் அத்தை!” என்று கத்தினேன்.

“தெரியும்டி. அதான் வந்தேன்.” பிறகு குனிந்து என் காதில், “மை உறையாது. எண்ணெய்தான் உறையும்” என்றாள்.

சாப்பிட்டு முடித்ததும் அப்பா வேறு வழியில்லாமல் அந்தத் தாளை எடுத்துவந்தார். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வகுப்பில் பாடம் வாசிக்கிற குரலில் உரக்கவே வாசித்தாள்: “மேற்படி நிலத்தில் குத்தகைதாரர் எவரும் இல்லை. நானே சொந்தமாகச் சாகுபடி செய்து வருகிறேன்.” கண்ணாடியைக் கழற்றினாள். “ஏண்ணே, ஏழாயிரம் அடி உசரத்துல உக்காந்துகிட்டு நான் எப்படி இங்க நாத்து நட்டேன்? கயிறு கட்டி இறங்கி வந்தா?”

தம்பி கெக்கெக்கே என்று சிரித்தான். சமையலறையில் அம்மாவும் சிரித்தது கேட்டது.

“சிரிக்கிற விஷயமில்ல” என்றார் அப்பா. “அவன் பேரை ஏத்திட்டா அப்புறம் நிலம் நம்ம கையில நிக்காது. ஊர்ல எல்லாரும் இப்படித்தான் எழுதிக் குடுக்குறாங்க.”

“இருபது வருஷமா அவரு உழுவுறாரு. இல்லவே இல்லைன்னு நான் எப்படி எழுதுவேன்?”

அந்த மனிதரை எங்கள் வீட்டில் ஒருவர் ‘அவரு’ என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அம்மா சமையலறை நிலைப்படிக்கு வந்தாள். குரலை உயர்த்தவில்லை. “அந்த ஆளை நம்பித்தானே வீடு, மாடு எல்லாத்தையும் விட்டுட்டுக் கிளம்ப இருந்தீங்க?” என்று மட்டும் கேட்டாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

அத்தையின் குரல் தணிந்தது. “நீங்க நாலு பேரும் அவ்ளோ தூரம் ஏறி வந்து, என் வீட்டுல சாப்பிட்டுட்டு இந்தத் தாளை நீட்டினா நான் போட்டுக் குடுத்துடுவேன்ணே. வீடு தேடி வந்தவங்ககிட்ட இல்லைன்னு சொல்ல எனக்கு வராது. அதான் நானே இறங்கி வந்துட்டேன்.”

இவ்வளவு நேரம் தூண் ஓரம் பேரிக்காய் கடித்துக்கொண்டிருந்த எனக்கு இப்போதுதான் விஷயம் விளங்கியது. அத்தை வீடு சின்னது, எங்களுக்கு இடமில்லை. ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். “இல்லைன்னு சொல்லாதீங்க அத்தை. நாங்க தரையில படுத்துக்குறோம். சோறுகூட இங்கேர்ந்தே கட்டி எடுத்துக்கிட்டு வந்துடுறோம்.”

அத்தை என்னை இழுத்து அணைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அப்பா சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துப் பார்த்தார். முடியவில்லை. தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்து, பிறகு அந்தத் தாளை மடித்தார். மறுபடியும் மடித்தார். இனி மடிக்க முடியாது என்ற அளவுக்கு மடித்து மடியில் செருகிக்கொண்டார்.

“முழுப் பரீட்சை முடிஞ்சதும் வாங்கடி. ஒரு மாசம்கூட இருங்க. காகிதம் மட்டும் வேணாம்.”

“அப்போ அப்பாவோட நோட்டு?”

“அது வரட்டும்.”

என் கெஞ்சலுக்குத்தான் அத்தை மனம் இளகினாள் என்று நினைத்து, அன்றைக்கு முழுவதும் தம்பியிடம் அதிகாரம் செய்துகொண்டிருந்தேன்.

மறுநாள் காலை அப்பா இருப்பதிலேயே வெளுப்பான சட்டையைப் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தார். அத்தை பின்னால் ஏறி உட்கார்ந்தாள். வாசலில் நின்ற அம்மாவின் முகத்தில், சுவாமிமலையில் உட்கார்ந்து எழுந்தபோது இருந்ததைவிடப் பெரிய சிரிப்பு இருந்தது. தெருமுனையில் கிழக்கே திரும்பினால் ரயில் நிலையம். மேற்கே போனால் பாபநாசம், கடைத்தெரு, தாலுகா ஆபீஸ். சைக்கிள் மேற்கே திரும்பியது.

அத்தையை ரயிலேற்றப் போகிற அப்பாவுக்கு இப்படியும் மறதி வருமா என்று பதறிப்போனேன். தெருமுனை வரை ஓடி, “அப்பா, ஸ்டேஷன் அந்தப் பக்கம்! ரயில் போயிடும்!” என்று முடிந்த மட்டும் கத்தினேன். அப்பா திரும்பாமல் மிதித்துக்கொண்டே போனார். அத்தைதான் திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டினாள். நான் சொன்னது காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அவர்கள் கண்ணிலிருந்து மறையும் வரை கிழக்கே கையைக் காட்டியபடி நின்றுகொண்டிருந்தேன்.