குப்பம்மாவின் முகம்

அண்ணனூர் ரயில் பணிமனையில் முப்பது வருஷம் பெட்டி கழுவி ஓய்வு பெற்றவர் துலுக்கானம். மனைவி குப்பம்மா போய்ச் சேர்ந்தபின், அவள் முகம் உலகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் மிச்சமிருந்தது. வீட்டிலிருந்த கல்யாணப் போட்டோ வெள்ளத்தில் கூழாகிவிட்டது.

அந்த இடம், நகரத்துக்குள் பழைய பங்களாக்களும் தலைவர்கள் சிலைகளுமாக நீளும் சாலை. அங்கே ஒரு பங்களாவில் குப்பம்மா வேலை செய்த காலத்தில், சிலை செய்வதில் பிரியமுள்ள பங்களாக்காரர் அவளை நிற்கவைத்துப் பார்த்து, குடம் ஏந்திய பெண்ணாகச் சிமெண்டில் ஒரு சிலை செய்து வாசலுக்கு வெளியே சாலையோரம் நிறுத்தினார். அவரும் போய், பங்களாவும் பூட்டிக் கிடக்கிறது. தலைவர்களுக்கெல்லாம் கம்பிக் கூண்டு. குப்பம்மாவுக்காக யார் அடித்துக்கொள்ளப் போகிறார்கள்? அவள் வெட்டவெளியில் நின்றாள்.

முதல் வருஷத் திதியன்று துலுக்கானம் ரயிலேறிப் போய், சிலைக்கு மல்லிகை சாத்தினார். சுமங்கலியாகப் போனவள் அல்லவா, நெற்றியில் குங்குமமும் வைத்தார். பாவி மனுஷன், அதோடு விட்டிருக்கலாம். காலடியில் கற்பூரமும் ஏற்றிவிட்டு வந்தார்.

நம் ஜனங்களுக்கு அது போதாதா? அடுத்த மாதமே மஞ்சள் துணி, பிறகு சூலம், தகரக் கொட்டகை, உண்டியல். துலுக்கானத்துக்கு முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. முகம் தெரிந்தவரை அவருக்கு ஒரு குறையுமில்லை. மாதம் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

முட்டி வலியால் ஆடி மாதம் போக முடியவில்லை. ஆவணியில் போனபோது சிலைக்குப் பித்தளை முகம் பொருத்தியிருந்தார்கள்.

"இத்த எப்போ வெச்சீங்க?"

"ஆடிலதான் நைனா," என்றாள் பூ விற்கும் வசந்தகுமாரி. "மொதல்ல ஒக்காரவே இல்ல. செலயோட மூக்கு, கன்னமெல்லாம் கொத்தி எடுத்தப்புறம்தான் ஒக்காந்துச்சு. ஆத்தா சும்மா ஜொலிக்கிறா பாரு."

அது என் பெண்டாட்டி என்று கத்த வாயெடுத்தார். அப்போதுதான் ஒரு பெண், பிள்ளை வரம் கேட்டுத் தொட்டில் கட்டிவிட்டு, கண்ணீரோடு கும்பிட்டு நின்றாள். அவரும் குப்பம்மாவும் ஏறி இறங்காத கோயிலா? வசந்தகுமாரியிடம் ஓர் அர்ச்சனைத் தட்டு வாங்கிக்கொண்டு கொட்டகைக்குள் போனார்.

"யார் பேருக்கு அர்ச்சனை?" என்றார் பூசாரி.

"குப்பம்மா."

"தாயே, குப்பம்மாவுக்கு நீண்ட ஆயுசக் குடு."

திரும்பும்போது ரயிலில் கண்ணை மூடி அவளை நினைத்துப் பார்த்தார். மூக்குத்தி போட்ட அந்த மூக்கு எப்படியிருக்கும் என்று அண்ணனூர் வரும்வரை முயன்றார். திரும்பத் திரும்பப் பித்தளை முகம்தான் வந்தது.