எழுதிப் பார்த்து வாங்கவும்

ஜவுளிக் கடைக்காரனுக்குப் புடவையை விரித்துக் காட்டுவதோடு வேலை முடிந்தது. பேனாக் கடைக்காரனோ வருகிறவர்களின் கையெழுத்தையெல்லாம் சகித்துக்கொண்டு, கடைசியில் அந்தக் கையெழுத்தின் பழியையும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

உலகச் சண்டை முடிந்து, சீமைப் பேனாக்கள் மறுபடி கப்பலில் வரத் தொடங்கிய சமயம். ராயபுரம் ரயிலடிக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த ஒரு பேனாக் கடையில் ஆறு வருஷம் நின்றேன். முதலாளி ரங்கசாமி உட்கார்ந்திருப்பார். அதனால்தான் நான் நின்றேன் என்கிறேன். பேனாவில் மை நிரப்புவது, எழுதிப் பார்க்கக் காகிதம் நீட்டுவது, எழுதியதைப் பார்த்து "ஆகா" என்பது, பிறகு நிப்பைத் துடைத்து வைப்பது, இவ்வளவும் என் உத்தியோகம். இதில் "ஆகா" சொல்வதுதான் கஷ்டமானது. எந்தக் கடையிலாவது நின்று பிழைத்தவர் இதைப் படித்தால், அவருக்கு நான் மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை.

பென்ஷன்காரர்

மூடிய கோட்டும் குடையுமாக ஒரு பென்ஷன்காரர் வந்தார். நான் கொடுத்த முதல் பேனாவால் தன் கையெழுத்தைப் போட்டுப் பார்த்தார். கீறுகிறது என்றார். அடுத்தது மையைக் கக்குகிறது என்றார். மூன்றாவது கனம், நான்காவது லேசு, ஐந்தாவதன் நிறம் அவர் வயசுக்கு ஒத்துவராது. ஒன்றரை மணி நேரம் இப்படியே போயிற்று. கடையில் வேறு யார் வந்தாலும் அவர்களுக்கும் சேர்த்து எங்கள் பேனாக்களின் குறைகளை எடுத்துச் சொன்னார்.

நான் உள்ளே போய், அந்த முதல் பேனாவையே துடைத்து, வெல்வெட்டுத் துணி வைத்த பெட்டி ஒன்றில் படுக்க வைத்து, முதலாளி தன் சொந்த உபயோகத்துக்கு ஒதுக்கி வைத்திருந்தது என்று சொல்லி நீட்டினேன். பெரியவர் எழுதினார். கண்ணை மூடிக்கொண்டார். இதுவல்லவோ பேனா என்றார். பணத்தைக் கொடுத்துப் பெட்டியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். நான் முதலாளியைப் பார்த்துக் கண் சிமிட்டியதை அவரும் கவனித்திருக்க வேண்டும். வாசற்படி இறங்கும்போது திரும்பிச் சொன்னார்:

"முதல்லே காட்டினதும் இதே பேனாதான். எப்போ பெட்டியோட வரும்னுதான் பார்த்துண்டிருந்தேன்."

நித்திய பரிசோதகர்

சரக்கு இறக்கும் கம்பெனி ஒன்றின் குமாஸ்தா தினமும் மத்தியான இடைவேளையில் வருவார். எழுதிப் பார்க்க எங்கள் காகிதம் வேண்டாம், தன்னிடமே இருக்கிறது என்பார். எனக்கு அது பெருந்தன்மையாகப் பட்டது. மூன்று மாதம் கழித்துத்தான் எட்டிப் பார்த்தேன். மைத்துனருக்குக் கடிதம், மாமனாருக்குக் கடிதம், ஆபீசுக்கு லீவு விண்ணப்பம் எல்லாம் எங்கள் பேனாவிலும் எங்கள் மையிலும் நடந்துகொண்டிருந்தன. ஒரு பேனாகூட வாங்கவில்லை. பொறுக்க முடியாமல், நேற்று எழுதியது எப்படி இருந்தது என்று குத்தலாகக் கேட்டேன். மனுஷர் முகத்தில் வருத்தம் தெரிந்தது.

"அந்தப் பேனா சரியில்லை சார், லீவு கிடைக்கலே."

மாப்பிள்ளைப் பேனா

வண்ணாரப்பேட்டையில் துணி வியாபாரம் செய்கிற ஒருவர், தனக்கு வரப்போகிற மருமகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். மகள் பெயர் கோமதி என்றும், நிச்சயதார்த்தம் அடுத்த வாரம் என்றும், மாப்பிள்ளை கேட்ட தங்க நிப்புப் பேனாவை அவரே பார்த்து எடுத்துக்கொள்ளட்டும் என்று அழைத்து வந்ததாகவும் சொன்னார். மாப்பிள்ளை நல்ல சிவப்பு, நல்ல கிராப்பு. விலை குறைந்த பேனாக்களைக் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை.

புதுப் பேனாவைக் கையில் கொடுத்தால் மனிதர்கள் யோசித்து எழுதுவதில்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். எது உள்ளே ஓடுகிறதோ அது நிப்பின் வழியே இறங்கிவிடும். மாப்பிள்ளை முதல் பேனாவால் எழுதியது "சரோஜா". எனக்குத் திக்கென்றது. அடுத்த பேனாவை அவசரமாக நீட்டினேன். அதிலும் சரோஜா. ஏழு பேனா எழுதிப் பார்த்தார். மெல்லிய நிப்பில் ஒரு சரோஜா, தடித்த நிப்பில் ஒரு சரோஜா. கடைசியில் ஒன்றைச் சுழித்து அழகும் படுத்தினார். வாயால் அதுவரை அவர் பேசிக்கொண்டிருந்தது நிச்சயதார்த்தத்துக்கு எத்தனை பேர் வருவார்கள் என்பதைப் பற்றி.

வியாபாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு காகிதத்தை மேலிருந்து கீழே படித்தார். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எல்லாம் நன்றாகத்தான் எழுதுகின்றன, இன்றைக்கு ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் குரலில் கோபமே இல்லை. இரண்டு மாதம் கழித்து வேறொரு பையனைக் கூட்டிக்கொண்டு வந்தார். நான் பேனாவை எடுக்கப் போனேன். என்னைத் தடுத்து, பையனின் காதில் விழாமல் சொன்னார்:

"முதல்ல பெரிய காகிதமா எடுங்க தம்பி, நிறைய எழுதட்டும்."

மூக்கு

காசிமேட்டிலிருந்து மீன் கொண்டுவந்து விற்கும் அஞ்சலை என்ற அம்மாள் கூடையை வாசலில் இறக்கிவிட்டு உள்ளே வந்தாள். மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போகிறாளாம். கைநாட்டு வைக்கக் கூடாது என்று ஆறு மாதமாகக் கையெழுத்துப் போடப் பழகியிருக்கிறாள். பள்ளிக்கூடத்துப் பேனா மோசமாக இருந்து எழுத்து கெட்டுவிட்டால் என்ன செய்வது என்று, சொந்தப் பேனாவோடு போகத் தீர்மானித்திருந்தாள்.

நான் இருப்பதிலேயே மட்டமான பேனாவை எடுத்துக் கொடுத்தேன். அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி பெயரை எழுதினாள். "ஞ்ச" வரும் இடத்தில் நிப்பு இடறியது. வேறு கேட்டாள். நான் பேனாவில் குறையில்லை, பிடிக்கிற விதத்தில்தான் என்று பாடம் எடுக்க ஆரம்பித்தேன். முதலாளி மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, பேனாவை நன்றாகத் துடைத்து வை என்று எனக்கு ஜாடை காட்டினார். அஞ்சலை அதைப் பார்த்துவிட்டாள். பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரிடமே கேட்டாள்:

"மீன் வாங்க வந்தா செவுளத் தூக்கித் தூக்கிப் பாக்குறியே, நான் எதுனா சொல்றனா? ஒரு பேனாவத் தொட்டதுக்கு இன்னாத்துக்கு நைனா மூக்கப் பொத்திக்கினு கீற?"

தொரையின் கையெழுத்து

திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பத்தொன்பது நாள் வேலைநிறுத்தம். ஒருவழியாகச் சமரசமாகி, வெள்ளிக்கிழமை ஒப்பந்தம். தொழிலாளர் சங்கச் செயலாளர் பரசுராமன் எங்கள் கடைக்கு வந்து, கையெழுத்துக்கென்றே ஒரு நல்ல பேனா வாங்கினார். நான் மை நிரப்பி, பத்து வரி எழுதிக் காட்டி, இது நின்றால் என்னைக் கேளுங்கள் என்று மார்தட்டி அனுப்பினேன்.

சனிக்கிழமை காலையில் கேட்க வந்துவிட்டார், நாலு ஆட்களோடு. கம்பெனி சார்பில் கையெழுத்துப் போட வேண்டிய வெள்ளைக்கார மானேஜர் பேனாவை வாங்கி இரண்டு தடவை காகிதத்தில் இழுத்தாராம். எழுதவில்லையாம். சகுனம் சரியில்லை, செவ்வாய்க்கிழமை பார்க்கலாம் என்று சிரித்துவிட்டு எழுந்துவிட்டாராம். தொழிலாளர் வீடுகளில் இன்னும் நாலு நாள் அடுப்பு எரியாது. பேனாவைத் திறந்து காகிதத்தில் வைத்தேன். முதல் இழுப்பிலேயே எழுதியது. மானேஜர் எப்படிப் பிடித்தார் என்று கேட்டேன். பரசுராமன் பிடித்துக் காட்டினார்: நிப்பு தலைகீழாக மேல் பார்த்துக்கொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை என்னையும் கூட்டிப் போனார்கள். முதலாளிக்குத் தெரியாமல் ஆறு பேனா எடுத்துப் போனேன். மானேஜர் மேசையில் ஒப்பந்தத்துக்குப் பக்கத்தில் ஆறையும் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றாலும் ஒரு கோடு போட்டுக் காட்டினேன். ஆறும் எழுதின. வாசலில் முந்நூறு பேர் காத்து நின்றார்கள். மானேஜர் ஆறு கோடுகளையும் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு கோட்டுக்குள் கைவிட்டுத் தன் சொந்தப் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும் எல்லோரும் பரசுராமனைத் தோளில் தூக்கப் பார்த்தார்கள். அவர் விலக்கிவிட்டு என் பக்கம் குனிந்தார்:

"வெள்ளிக்கெயமயும் அவரோட சொந்தப் பேனா தொர பாக்கெட்டுலதான் இருந்துச்சு மாமு, நான் பாத்தேன்."

ஆறு வருஷம் ஊரார் எழுதிப் பார்த்ததையெல்லாம் பார்த்ததன் பலன், இன்றைக்கும் நான் பேனா வாங்கப் போனால் காகிதத்தில் ஒரு கோட்டுக்கு மேல் போடுவதில்லை.