வவுணதீவு வட்டைக்குள் என் வீடு

கப்பலில் நான் இரண்டாம் அதிகாரி. முதலாம் அதிகாரியாவதற்கான வாய்மொழிப் பரீட்சையில் இரண்டு முறை கோட்டைவிட்டவன். மூன்றாம் முறையும் தவறினால், மீசை முழுக்க நரைத்த பிறகும் மகன் வயதுக்காரர்களுக்கு "ஓம் சேர்" சொல்லியே காலம் போகும். போனமுறை என்னைக் கவிழ்த்தது ஒரு கேள்வி: சூரியனின் உயரத்தை ஆறு தரம் அளக்கிறாய், ஐந்து ஒத்துப்போகிறது, ஒன்று விலகி நிற்கிறது, என்ன செய்வாய்? "எறிந்துவிடுவேன் சேர்" என்றேன். பரீட்சகர் என்னை எறிந்துவிட்டார்.

விடுமுறையில் வீட்டுக்குப் பின்னால் வாவிக்கரையில், சூரிய உயரம் அளக்கும் செக்ஸ்டன்டோடு நின்று பழகினேன். மாலைச் சூரியனைக் கண்ணாடிக்குள் இறக்கி, அக்கரைத் தண்ணீர் விளிம்பில் உட்காரவைப்பேன். "இப்ப!" என்றதும் மனைவி நேரத்தைக் குறிப்பாள்.

ஒவ்வோர் அளவுக்கும், நான் நிற்கும் இடம் எந்தக் கோட்டில் என்று வரைபடத்தில் போட்டால் ஐந்தும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. ஆறாவது தனியே ஓடியது. பழக்கதோசம், அழிறப்பரை எடுத்தேன்.

"அந்த அஞ்சும் எவடத்தால போகுது?" மனைவி எட்டிப் பார்த்தாள்.

"அக்கரை வவுணதீவால."

"அப்ப நாம வயல் வட்டைக்குள்ள, வேளாண்மைக்கு நடுவிலயா குடியிரிக்கம்? மத்தது?"

"அது... நம்மட வீட்டுக்கு மேலால."

"வீட்டுக்கு வாற ஒண்டையா அழிக்கப் போறீங்க? நல்ல கப்பல்காரன்!"

அழிறப்பரை வைத்துவிட்டு அக்கரையைப் பார்த்தேன். கடலின் அடிவானம் எங்கோ இருக்கிறது. வாவியின் அக்கரையோ கிட்ட இருப்பதால், அதன் தண்ணீர் விளிம்பு அடிவானத்தைவிடத் தாழ்ந்து தெரியும். அதிலிருந்து அளந்த ஐந்து முறையும் சூரியன் கூடுதலாக உயர்ந்து, கோட்டைத் தன் பக்கமாக அக்கரைக்கு இழுத்துவிட்டது. ஆறாவதில் கண் கூசி, கரையோரப் புதரின் நுனியைத் தண்ணீரென்று எண்ணியிருக்கிறேன். ஒரு பிழையை இன்னொரு பிழை சரிக்கட்டி என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டிருந்தது.

"அப்ப ஆறும் பிழையா?"

"ஓம் புள்ள."

அவள் சிரிக்கவில்லை. "பரவாயில்ல. விடிய கடலுக்குப் போவம். இப்ப தேத்தண்ணியக் குடிங்க."

விடியக் கடற்கரையில் மறுபடியும் ஒன்று விலகியது. அந்த நேரம் ஒரு நாய் என் காலை முகர்ந்தது இருவருக்கும் நினைவிருந்தது. அதைக் காரணத்தோடு எறிந்தேன்.

கொழும்பில் அதே பரீட்சகர், அதே கேள்வி. "முதலில் காரணம் தேடுவேன் சேர். விலகினதுக்கு மட்டுமல்ல, ஒத்துப்போன ஐந்துக்கும்தான்" என்றேன். ஏனென்று கேட்டார். வவுணதீவில் என் வீடு இருந்த கதையைச் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. அடுத்த கேள்விக்குப் போனார். போனமுறை அடுத்த கேள்வி என்று ஒன்று வரவேயில்லை.