செல்மரின் தாத்தா எந்த வண்டியில் வந்தார்?

ஆறாம் வகுப்போடு படிப்பை விட்ட செல்மர் பிரெக்கே, அந்த மினசோட்டாப் பள்ளத்தாக்கில் நாற்பத்திரண்டு தீவனக் கோபுரங்களைக் கான்கிரீட்டில் எழுப்பியவர். ஒன்றுகூடச் சாய்ந்ததில்லை. சாய்ந்ததென்று யாராவது சொல்லட்டும் பார்ப்போம். அப்படிப்பட்ட மனிதருக்கு, தேவாலயக் கூடத்தில் காப்பி குடிக்கப் போனால் மட்டும் வயிறு எரியும்.

காரணம் அந்தச் சுவர். 1856க்கு முன்னால் நார்வேயிலிருந்து வந்து இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்த பத்திரங்கள் கண்ணாடிச் சட்டத்தில் அங்கே தொங்கின. நட்டநடுவில் ஆர்டெல் பிரெக்கேயுடையது: தாத்தா ஓலே, 1854. ஆர்டெல் பாடம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள்; ஒரு கல்லை எடுத்து இன்னொரு கல்மேல் வைத்ததில்லை.

செல்மரின் தாத்தா க்னூட், அந்த ஓலேயின் தம்பி. இருவரும் ஒரே மாட்டு வண்டியில் வந்தவர்கள். ஐம்பது வருடமாகச் செல்மர் அப்படித்தான் சொல்லிவந்தார். ஒரே பெயர், அடுத்தடுத்த வயல், இடுகாட்டிலும் அடுத்தடுத்த கல். வேறென்ன சாட்சி வேண்டும்? ஆனால் பத்திரம் கொடுக்கும் சங்கம் எழுத்தில் சாட்சி கேட்டது. ஞாயிற்றுக்கிழமை மீன் விருந்தில் புதுப் பத்திரங்களை மாட்டப் போகிறார்கள். பழைய சபைப் பதிவேட்டின் நார்வே எழுத்தைப் படிக்கத் தெரிந்தவளோ ஆர்டெல் ஒருத்திதான். அவளே சங்கத்துச் செயலாளரும்கூட. வியாழனன்று செல்மர் பதிவேட்டையும், எழுதிவைத்த விண்ணப்பத்தையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனார்.

"வாண்ணே! கோபுரம் ஏதாச்சும் விழுந்துடுச்சா, வழி தெரிஞ்சு வந்திருக்கே?"

"என் கோபுரம் விழாது. இதைப் படி."

அவள் கண்ணாடியைத் தேடினாள். செல்மரின் பார்வை மூலையில் இருந்த பூ வரைந்த மரப்பெட்டியில் போய் நின்றது. நார்வேயிலிருந்து வந்தது. அதில் பாதி தன் தாத்தாவுக்குச் சேர வேண்டியது என்று அவருக்கு வெகுநாள் குமைச்சல்.

"க்னூட் லார்சன்," என்று ஆர்டெல் வாசித்தாள். "1868ல வந்திருக்காரு. ஓலே பிரெக்கே பண்ணையில வேலையாள்."

"லார்சனா? எங்க தாத்தா பிரெக்கே!"

"எந்தப் பண்ணையில இருக்கோமோ அந்தப் பண்ணைப் பேருதானேண்ணே நம்ம ஆளுங்களுக்கு? முதலாளியும் பிரெக்கே, அவரு பன்னிக்குத் தீனி போடறவனும் பிரெக்கே. உனக்குத் தெரியாததா?"

தெரியும். ஊரில் யாருக்குத்தான் தெரியாது? தன் வீட்டுக்கு மட்டும் அவர் அதைப் பொருத்திப் பார்த்ததில்லை.

"அப்போ இத்தனை வருஷமா உன்னை அண்ணேன்னு கூப்பிட்டதெல்லாம் வீணாப்போச்சே!" என்று சிரித்தவள், அவர் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினாள். "ஓலே தம்பின்னே இருக்கட்டும், குடு. நான் கையெழுத்துப் போட்டுடறேன். இதை வேற யாரு படிக்கப்போறா?"

சுவர் எரித்ததைவிட இந்தப் பரிவு அதிகமாக எரித்தது. அவள் தாத்தா அவர் தாத்தாவுக்கு ரொட்டி போட்டார். இப்போது பேத்தி, தாத்தாவையே தானமாகத் தருகிறாள்!

"வேறென்ன எழுதியிருக்கு?"

"1877ல க்னூட் மகனுக்கு ஞானஸ்நானம். இங்கே வேலையாள்னு இல்லே. நிலச் சொந்தக்காரர்னு இருக்கு."

"ஒம்பது வருஷம்! உங்க ஓலேவுக்கு நிலம் எத்தனை வருஷத்துல?"

"வந்த வருஷமே. பணத்தோட வந்தவராச்சே."

"அதானே பார்த்தேன்."

விண்ணப்பத்தில் 'ஓலேயின் தம்பி' என்றிருந்ததை அடித்தார். கொட்டை எழுத்தில் எழுதினார்: க்னூட் லார்சன். 1868, வேலையாள். 1877, நிலச் சொந்தக்காரர்.

"இது சுவருக்கு வராது, செல்மர். 1856க்கு அப்புறம் வந்தவங்களோட சேர்த்து மேஜை டிராயர்லதான் போகும்."

"அதுல எத்தனை பேரு இருக்காங்க?"

"ஒரு நாற்பது பேரு இருக்கும்."

"எல்லாருக்கும் மேலே வை."